வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம்: எங்கள் லாட்ஜில் நடந்தது

போன வாரம் ஆற்காட்டிலிருந்து என் பெரியப்பா மகன் ஒரு கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பி, "பார்த்துச் சொல்லும்மா, அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் மக்கன் பேடா கடை வைத்திருக்கிறார். வெளியூருக்குப் பார்சல் அனுப்ப ஒரு வெப்சைட் வேண்டுமாம். திறந்து பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த அதே தாள். 'மாதம் 10,000 பார்வையாளர் உத்தரவாதம்', 'லோகோ இலவசம்', 'டொமைன் (வெப்சைட்டின் முகவரி), ஹோஸ்டிங் (அதை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்'. அந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டினேன். யார் பெயரையும் போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, ஆம்பூர் பக்கம் சின்னதாகத் தொழில் செய்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்களுடையது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் 14 அறை லாட்ஜ். மாமியார் காலத்தில் 4 அறையோடு ஆரம்பித்தது. தங்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கம். வங்கதேசத்திலிருந்தும் வருவார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் கடை போர்டுகளையே வங்காளியில் பார்க்கலாம். ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து, நோயாளியைத் தூக்கிக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற ஜனங்கள். முன்பெல்லாம் ஆட்டோக்காரர்களும், ஏற்கெனவே தங்கிப் போனவர்களும்தான் ஆள் அனுப்புவார்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் ரயில் ஏறுவதற்கு முன்பே செல்போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். சரி, நாமும் ஒரு வெப்சைட் போடலாம் என்று நினைத்தோம்.

வெப்சைட் போட்டுத் தர வந்தவர் நன்றாகப் பேசினார். லேப்டாப்பைத் திறந்து, "அக்கா, உங்க லாட்ஜை ஸ்டார் ஓட்டல் மாதிரி காட்டிடலாம்" என்றார். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மாடிக்கு வந்து ஒரு அறையைக்கூட அவர் பார்க்கவில்லை. எங்களிடம் யார் வருகிறார்கள், போனில் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 48,000 ரூபாய் வாங்கினார். அது போக, பராமரிப்பு என்று மாதம் 2,500.

வெப்சைட் வந்தது. திறந்தால் கடற்கரையும் தென்னைமரமுமாக ஒரு வீடியோ ஓடும். வேலூரில் ஏது கடல்? கேட்டதற்கு, "ஃபீல் வரணும் அக்கா" என்றார். வாடகை எங்கேயும் இல்லை. "ரேட் போட்டா பேரம் பேசுவாங்க, ஃபார்ம் நிரப்ப வைக்கணும்" என்றார். அந்த ஃபார்மில் 11 கட்டம். எங்கள் போன் நம்பர் பக்கத்தின் அடியில், படத்துக்குள் எழுத்தாக இருந்தது. அதைத் தொட்டால் அழைப்பு போகாது, காப்பி செய்யவும் முடியாது. பேஷண்டை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு கையில் போன் வைத்திருப்பவர் அந்த நம்பரை எப்படி எழுதிக்கொள்வார்?

ஆனால் மாதம் ஒரு ரிப்போர்ட் தவறாமல் வரும். 'இந்த மாதம் 11,400 ஹிட்ஸ்'. பச்சை நிறத்தில் மேலே ஏறும் கோடு. இத்தனை பேர் பார்த்தும் ஏன் நான்கைந்து பேர்தான் வருகிறார்கள் என்று கேட்டால், "விளம்பரத்துக்கு இன்னும் 10,000 போடுங்க, ஆறு மாசத்துல பிக்கப் ஆகிடும்" என்பார். இரண்டு தடவை போட்டோம்.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் தங்கை மகன்தான் பிறகு விளக்கினான். ஹிட் என்பது ஆள் கணக்கே இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள ஒவ்வொரு படமும், ஒவ்வொரு ஃபைலும் சர்வரிலிருந்து (வெப்சைட்டை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்) தனித்தனியாகக் கேட்டு வாங்கப்படும். அது ஒவ்வொன்றும் ஒரு ஹிட். 40 படம் உள்ள பக்கத்தை ஒரே ஆள் ஒரு தடவை திறந்தால் 40க்கு மேல் ஏறிவிடும். கூகுள் மாதிரி தேடுபொறிகளின் தானியங்கி புரோகிராம்கள் வந்து போவதும் இதில் சேரும். அப்படியென்றால் நான் தினமும் ஆசையாக என் வெப்சைட்டைத் திறந்து பார்த்ததும் அந்தக் கணக்கில்தான் இருந்திருக்கும். அவன் இன்னொன்றும் செய்து காட்டினான். கூகுளில் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று ஒரு சோதனை இலவசமாக இருக்கிறது. அதில் முகவரியைப் போட்டால், செல்போனில் பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லிவிடும். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. எங்களுடையது 14 விநாடி எடுத்தது. ரயிலில் விட்டு விட்டு வரும் சிக்னலில் அந்தத் தென்னைமரம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

இதெல்லாம் பணம் போன கதை. மனசு உடைந்தது வேறொரு நாளில்.

ஒரு நாள் விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். மேற்கு வங்காளத்தின் மால்டாவிலிருந்து ஒரு அண்ணன், இடுப்பு ஆபரேஷனுக்கு வந்த தன் அம்மாவை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கவுன்ட்டரில் செல்போனை நீட்டி, "லிஃப்ட் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் போனில் எங்கள் வெப்சைட். அதில் பளபளவென்று ஒரு லிஃப்ட், வாசலில் பூங்கொத்து. எங்கேயோ எடுத்த படம், எங்கள் லாட்ஜ் பெயருக்குக் கீழே. அதற்கு மேலே சிவப்பில் 'இன்னும் 2 அறைகள் மட்டுமே' என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வேறு இடம் தேடாமல் அவசரமாக முடிவு செய்தாராம். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தள அறைகள் அன்று நிரம்பியிருந்தன. எங்கள் வீட்டு முன்ரூமைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தோம். 9 நாள் இருந்தார்கள். வாடகை வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவர்தான் வற்புறுத்திப் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த '2 அறைகள்' எப்போது பார்த்தாலும் 2தான். 14 அறையும் காலியாக இருந்தபோதும் 2, எல்லாம் நிரம்பியபோதும் 2. இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதலில், வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் என்று 13 வகை சொல்லியிருக்கிறார்கள். பொய்யான அவசரம் அதில் ஒன்று. புகார் போனால் மாட்டுவது டிசைனர் இல்லை, வெப்சைட்டில் பெயர் இருக்கும் நாம்தான்.

அன்று மதியமே வெப்சைட்டை நானே சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். என் கொழுந்தனார் நம்பரைப் போட்டு, கொல்கத்தாவிலிருந்து 3 பேர், 10 நாள் என்று ஃபார்மை நிரப்பினேன். எங்களுக்கு ஒரு மெயிலும் வரவில்லை. 25 நிமிடத்தில் கொழுந்தனாருக்குப் போன் வந்தது. "வேலூர்ல ரூம் கேட்டிருந்தீங்களே? நல்ல லாட்ஜ் இருக்கு" என்று ஒரு புரோக்கர். சொன்னது எங்கள் லாட்ஜ் இல்லை, இரண்டு தெரு தள்ளி வேறொன்று. மறுநாள் வேறு நம்பரில் செய்தேன். மறுபடியும் அதே புரோக்கர். என் பணத்தில் வெப்சைட் கட்டி, என் பெயரைக் காட்டி, வந்து விசாரிப்பவர்களை வெளியே தள்ளிவிட்டிருக்கிறார்கள். எத்தனை மாதம், எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "சர்வர் பிரச்சனையா இருக்கும் அக்கா" என்றார். சரி, வெப்சைட்டை என்னிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கடைசி வரியின் அர்த்தம் புரிந்தது. டொமைன் அவர் பெயரில், அவர் மெயிலில் பதிவாகியிருந்தது. வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அது பதிவு வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். அதற்கு 15,000 கேட்டார். நான் கொடுக்கவில்லை. போர்டு, ரசீதுப் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. எல்லாம் வீண்.

கூகுள் மேப்பில் எங்கள் லாட்ஜ் பக்கத்தையும் அவர் மெயிலில்தான் வைத்திருந்தார். அது மட்டும் திரும்பக் கிடைத்தது. உரிமை கேட்டு விண்ணப்பித்தால், இப்போது வைத்திருப்பவருக்கு 3 நாள் அவகாசம் தருகிறார்கள். அவர் பதில் போடவில்லை. பிறகு தெரு, போர்டு, நானே சாவி போட்டு ஆபீஸ் கதவைத் திறப்பது, இதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். சில நாளில் என் பெயருக்கு வந்துவிட்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

புது டொமைனை நானே என் பெயரில், என் கார்டில், என் மெயிலில் வாங்கினேன். ஒரு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். இப்போது இருப்பது ஒரே பக்கம். தங்கை மகன் செய்து கொடுத்தான். மேலேயே போன் நம்பர், தொட்டால் அழைப்பு போகும். அதன் கீழே ஒவ்வொரு அறைக்கும் ஒரு நாள் வாடகை. 'லிஃப்ட் இல்லை. கீழ்த்தளத்தில் 3 அறைகள். முதல் மாடிக்கு 19 படிகள்' என்று எழுதியிருக்கிறோம். சமையல் மேடை, கேஸ் அடுப்பு, குளியலறைக் கதவின் அகலம் தெரிகிற மாதிரி என் போனில் எடுத்த படங்கள். 2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சில பிரிவுகள் அங்கே போய்விட்டன. அதனால் 'உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு ரூம் எடுங்கள்' என்பதும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்களை விட்டுப் போகிறவர்களும் உண்டு. போகட்டும். வெப்சைட்டில் உள்ள வங்காளி வரிகளை, இங்கே இரண்டு மாதம் தங்கியிருந்த ஒருவரின் கல்லூரி படிக்கும் மகள் எழுதிக் கொடுத்தாள்.

கவுன்ட்டரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வருகிறவர்களிடம் எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டு மேனேஜர் அண்ணன் எழுதிவிடுவார். போன மாதம் வெப்சைட் பார்த்து வந்ததாக 19 பேர். எனக்கு அந்த நோட்டு போதும்.

ஆற்காட்டு அண்ணனிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். டொமைன் யார் பெயரில் வாங்குவீர்கள்? ஆர்டர் விவரம் யார் மெயிலுக்கு வரும்? நேற்று ராத்திரி அவருக்கு வந்த பதிலை எனக்கு அனுப்பினார். "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் அண்ணா, உங்களுக்கு எதுக்கு அந்த டென்ஷன்?" அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.