லாரி டீசல் பம்ப்ப கலிபரேஷன் (டீசல் அளவ சரி) பண்ணி 20 மாசம் ஆச்சு, அந்த ஸ்க்ரூ பத்தி சொல்லியே ஆகணும்

மன்னார்குடி மாப்ள ஒருத்தன் முந்தாநாள் போன் போட்டு, மச்சான் நீ பம்ப்புல டீசல ஏத்தி விட்டியே, மைலேஜ் நல்லா தருதாமே, நானும் என் வண்டிக்கு பண்ணட்டுமான்னு கேட்டான். அப்ப இருந்த கோவத்துல ஒழுங்கா பதில் சொல்ல முடியல, ஏன்னா அன்னைக்குத்தான் அதே பம்ப்ப ரெண்டாவது தடவை கழட்டி, டீசல் அளவு பாக்குற பெஞ்சுக்கு குடுத்துட்டு வந்தேன். அதான் உக்காந்து விவரமா எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு, நான் ஏத்தல, எறக்குனேன். வண்டி பழைய ஆறு வீல், ஆறு சிலிண்டர், இன்லைன் மைக்கோ பம்பு. கம்பெனி பேரு 2008லயே பாஷ்னு மாறிடுச்சு, நமக்கு இன்னும் மைக்கோதான். முன்னாடி வச்சிருந்தவரு பிக்கப்புக்காக ஃபுல் லோடு ஸ்க்ரூவ, அதாவது அதிகபட்சம் எவ்ளோ டீசல் போகணும்னு நிறுத்துற ஸ்க்ரூவ, திருகி டீசல கூட்டி வச்சிருந்தாரு போல. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நெல்லு லோடோட நின்னுட்டு, கேட் தெறந்ததும் ஆக்ஸிலேட்டர மிதிச்சா பின்னாடி பைக்ல புள்ளைய வச்சிட்டு நிக்கிறவங்க மூஞ்சில கருப்பா போய் அடிக்கும். ரொம்ப சங்கடமா இருக்கும். அந்தப் புகை பூரா ஒழுங்கா எரியாத டீசல், அதாவது நம்ம காசு.

தஞ்சாவூர்ல ஒரு பம்பு பாய்கிட்ட விட்டேன். பெஞ்ச்ல மாட்டி ஓட்டுனதும் ஆறு கிளாஸ் ட்யூப்லயும் டீசல் விழுது, மூணாவதும் அஞ்சாவதும் மட்டும் மத்ததோட சேராம ஒரு வெரக்கடை வித்தியாசமா நிக்குது. பாய் ஒண்ணும் பேசல, விரலால காட்டுனாரு, அவ்ளோதான். பம்புக்குள்ள டீசல தள்ளுற ரெண்டு எலிமெண்ட் மாத்தி, சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற ஆறு நாசிலும் மாத்தி, எல்லாத்தையும் ஒரே அளவுக்கு கொண்டாந்து, ஸ்க்ரூவ பழைய எடத்துக்கு எறக்கி, யாரும் தொடாம இருக்க கம்பி போட்டு ஈய சீல் வச்சு குடுத்தாரு.

வண்டில மாட்டுறப்ப டைமிங், அதாவது டீசல் எந்த நேரத்துல பாயணும்ங்கிறத, வச்சத பக்கத்துல நின்னு பாத்தேன். ஒண்ணாம் நம்பர் டெலிவரி வால்வ கழட்டிட்டு வளைஞ்ச பைப் ஒண்ணு மாட்டி, ஃப்ளைவீல கடப்பாறைய வச்சு துளித்துளியா நகத்துறாங்க. கம்பியா ஒழுகுன டீசல் சொட்டா மாறுது, சொட்டுக்கும் சொட்டுக்கும் எடைவெளி கூடிக்கிட்டே போய் ஒரு எடத்துல நிக்குது. அந்த எடத்துல ஃப்ளைவீல் மார்க் பிளேட்ல போட்ட டிகிரிக்கு நேரா வரணும். வரலன்னா கப்ளிங் போல்ட்ட லூஸ் பண்ணி மயிரிழை நகத்தி, மறுபடி மொதல்லேர்ந்து. மூணு தடவை பண்ணாங்க. காது வச்சு சத்தம் கேட்டே டைமிங் வைக்கிற ஆளுங்கள நம்பாதீங்க, முன்னாடி போனா இன்ஜின் டக்டக்னு அடிக்கும் (நாக்கிங்), பின்னாடி போனா வண்டி சூடாகி டீசலும் குடிக்கும்.

லிட்டருக்கு 3.6 கிலோமீட்டர் குடுத்த வண்டி 4.3 குடுத்துச்சு. மாசம் 2500 கிலோமீட்டர் ஓடுது, 110 லிட்டருக்கு மேல மிச்சம், இன்னைக்கு விலைல பத்தாயிரம் ரூபா. பில்லு 23,000 மூணே மாசத்துல வந்துடுச்சு. காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட், மார்கழில கூட.

கோவம் எதுக்குன்னா, குறுவை அறுப்பு சமயத்துல டிரைவர் தம்பி பிக்கப் இல்லண்ணே இல்லண்ணேன்னு நச்சரிச்சான். நம்ம பக்கம் மேடுன்னா ஆத்துப் பாலம்தான், 250 மூட்டை, 40 கிலோ சிப்பம், 10 டன்னோட பாமணியாத்துப் பாலத்துல ஏறுறப்ப கியர் கொறைக்க வேண்டியிருக்குங்கிறான், நியாயந்தான். ஆனா என்கிட்ட கேக்காம வழில ஒரு பட்டறைல சீல அறுத்து ஸ்க்ரூவ கால் சுத்து திருகிட்டாங்க. 3.8க்கு வந்தப்பறம்தான் எனக்கு உறைச்சுது. குனிஞ்சு பாத்தா ஈயம் இல்ல, கட்டுக்கம்பி முறுக்கி வச்சிருக்கு. எனக்கு நெஞ்சு எரிஞ்சுபோச்சு.

இதுல கொடுமை, கொறை பம்புல இல்லவே இல்ல. ஏர் ஃபில்டர கழட்டி தரைல தட்டுனா ஒரு படி நெல்லுத்தூசி, சொணை, கை பூரா அரிப்பு. டிபிசி (அரசு நெல் கொள்முதல் நிலையம்) களத்துல நாள் முழுக்க தூத்துற தூசிக்கு நடுவுல நிக்கிற வண்டி, அப்பறம் மூச்சு எப்படி விடும்? காத்து போகாத எடத்துல டீசல கூட்டுனா புகைதான் வரும். ஃபில்டர் மாத்துனதும் பாலத்துல தானா ஏறுது. மொதல்ல ஃபில்டர், அப்பறம் நாசில், அப்பறம் டைமிங், ஸ்க்ரூ கடைசிலதான். 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த பிஎஸ் 6 வண்டிக்காரங்களுக்கு இந்த தலைவலி இல்ல, எல்லாம் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பாத்துக்கும்.

வேலைய குத்தம் சொல்ல மாட்டேன், பாய் பண்ணுனது சுத்தமான வேலை. ஆனா மாப்ள, இன்னைக்கு என்னை கேட்டீன்னா பண்ணாதன்னுதான் சொல்வேன். வண்டி உன் கையிலயே ஓடுனா பண்ணு, டிரைவர்கிட்ட விட்டு ஓட்டுறன்னா அந்த சீல உன்னால காப்பாத்த முடியாது.

பம்பு நாளைக்கு வருது. சீல் வைக்கிறப்ப நான் பக்கத்துல நிப்பேன், ஈயத்துல விழுற அச்ச போட்டோ எடுத்து வச்சுக்கப்போறேன்.