மலையகத்துல அவசரப் பைக்கு எந்த ஹாம் ரேடியோ செட்டு: ஜி90, 705, 891, இல்ல பாவ்ஃபெங்கே போதுமா?

கொழும்புல இருக்கிறவங்க சொல்ற செட்ட அப்படியே இங்க அட்டன், ராகலை, ஹப்புத்தளை பக்கம் வாங்கினா சரிப்படாதுங்க. அங்க தரை சமம், கைல புடிக்கிற செட்லயே பாதி வேலை முடிஞ்சிரும். நமக்கு மலை தாண்டினாத்தான் அடுத்த தோட்டம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் அடிச்சப்போ பாத்தோமே, மண்ணு சரிஞ்சு ரோடு போச்சு, கரண்ட் போச்சு, போனும் செத்துப்போச்சு, அந்தப் பக்கத்து டிவிஷன்ல ஆளுங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கக்கூட வழியில்லாம எத்தனை பேரு தவிச்சாங்க. அப்படி ஒரு நாளைக்குன்னு பை கட்டி வைக்கிறதா இருந்தா அதுக்குள்ள எந்த ஹாம் ரேடியோவ, அதாவது போன் டவர் இல்லாம லைசன்ஸ் எடுத்த ஆளுங்க நேரா பேசிக்கிற செட்ட, போடறதுங்கறதுதான் பேச்சு.

முதல்ல பாவ்ஃபெங் யூவி-5ஆர். விலை கம்மி, சட்டைப் பைல போகும், அதனால எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்கிறாங்க. 144, 430 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 4, 5 வாட். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு எதிர் மலைல நிக்கிறவரோட பேசினா கண்ணாடி மாதிரி கேக்கும், அதே ஆளு மலைக்குப் பின்னால நாலு எட்டு இறங்கிட்டார்னா வெறும் இரைச்சல்தான். அந்த அலை நேரா போகும், மலை குறுக்க நின்னா அவ்வளவுதான், வாட்ட கூட்டினாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. இன்னொரு தொல்லை, பழைய மாடலோட சார்ஜர் தொட்டிக்கு 10 வோல்ட் வேணும், கரண்ட் இல்லாத ஊர்ல பவர் பேங்க்ல நேரா சொருகி சார்ஜ் பண்ண முடியாது. பைல ஒண்ணு ரெண்டு கிடக்கட்டும், மண்ணு தோண்டற ஆளுங்களுக்குள்ள பேசிக்க நல்லது. அத மட்டும் நம்பி உக்காந்திராதீங்க.

நமக்கு வேண்டியது எச்எஃப், அதாவது 3ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலை. பகல்ல 7 மெகாஹெர்ட்ஸ், ஆன்டெனா கம்பிய தலைக்கு மேல 3, 4 மீட்டர் உயரத்துல தாழ்வா கட்டினா அலை நேரா மேல ஏறி வானத்துல முட்டி குடை மாதிரி கீழ இறங்கும், நடுவுல பிதுருதலாகலையே நின்னாலும் கவலையில்ல. இலங்கை மேல இருந்து கீழ வரைக்கும் 430 கிலோமீட்டர் சொச்சம்தான், பதுளைல இருந்து யாழ்ப்பாணமும் கொழும்பும் இந்தக் குடைக்குள்ளயே வந்துரும். 2004 சுனாமி அப்போ அம்பாந்தோட்டைல இருந்து ஹாம்காரங்க கொழும்புக்கு செய்தி அனுப்பினதும் எச்எஃப்லதான்.

இப்போ மூணு செட்டுக்கு வருவோம். யாஏசு எஃப்டி-818ஐ சிலபேரு கேப்பீங்க, அது உற்பத்தி நின்னுபோச்சு, 6 வாட்தான், நல்ல நிலைல செகண்ட் ஹாண்ட் கிடைச்சா யோசிங்க, தேடி அலைய வேணாம்.

யாஏசு எஃப்டி-891, 100 வாட், 1.9 கிலோ. பேர கேட்டதுமே ஆசை வரும். ஆனா 100 வாட்ல பேசறப்போ 23 ஆம்பியர் இழுக்கும், பைல தூக்கற மாதிரி சின்ன லித்தியம் பேட்டரி வச்சிருந்தீங்கன்னா உள்ள இருக்கிற பிஎம்எஸ்ங்கற காப்பு சர்க்யூட் பட்டுன்னு கட் பண்ணிரும், ஒயர் மெல்லிசா இருந்தா செட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வோல்ட்டும் விழுந்துரும். சும்மா கேட்டுக்கிட்டு இருக்கவே ஒரு ஆம்பியர், சத்தம் கூட்டினா அதுக்கும் மேல. அனர்த்த நேரத்துல பேசறது கொஞ்சம், காது குடுத்து உக்காந்திருக்கிறதுதான் ரொம்ப நேரம், இத மறந்துட்டு வாட்ட மட்டும் பாத்து வாங்கிடறாங்க. 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இதுல அரை நாள் தாக்குப்பிடிக்கிறதே பெரிய விஷயம்.

ஐகாம் ஐசி-705 அழகான செட்டு, மறுக்கவே மாட்டேன். ஒரு கிலோ சொச்சம், எச்எஃப்ல இருந்து 430 வரைக்கும் எல்லாம் உள்ளயே, பேட்டரியும் பின்னாலயே ஒட்டியிருக்கும், போன் சார்ஜர் மாதிரி யூஎஸ்பிலயே ஏத்திக்கலாம், ஜிபிஎஸ் இருக்கிறதால நீங்க நிக்கிற இடத்த துல்லியமா சொல்லலாம். அந்த பேட்டரில 5 வாட், வெளிய 13.8 வோல்ட் குடுத்தா 10. குறை என்னன்னா கம்பிய செட்டோட ஒத்துப்போக வைக்கிற ஆன்டெனா டியூனர் உள்ள கிடையாது, தனியா வாங்கணும். அப்புறம் விலை, இது ஒண்ணு வாங்கற காசுக்கு ஜி90 ரெண்டு வாங்கி மிச்சமும் கைல நிக்கும். அவ்வளவு காசு போட்ட செட்ட அடை மழைல வெளிய எடுக்க மனசு வருமான்னு நீங்களே சொல்லுங்க, தண்ணி புகாத செட்டும் இல்ல அது.

ஸியேகு ஜி90, 20 வாட், டியூனர் உள்ளயே இருக்கு. இந்த டியூனருக்காகத்தான் நான் இந்தப் பக்கம் சாயறேன். லயத்துல தகரக் கூரை, அதுக்கு மேல ஒரு முனைய கட்டி இன்னொரு முனைய தேயிலைக்கு நடுவுல நிக்கிற சவுக்கு மரத்துல இழுத்துக் கட்டினா கம்பியோட அளவெல்லாம் புத்தகத்துல இருக்கிற மாதிரி வராது, பக்கத்துக்கு 10 மீட்டர்னு வெட்டியிருந்தாலும் தகரம் கிட்ட இருக்கிறதால எஸ்டபிள்யூஆர், அதாவது கம்பில போகாம செட்டுக்கே எவ்வளவு பவர் திரும்புதுன்னு காட்டற அளவு, எங்கயோ போய் நிக்கும். ஜி90ல பட்டன அழுத்தினா உள்ள ரிலே டக்கு டக்குன்னு அடிச்சு கொஞ்ச நேரத்துல அடங்கும், பேசலாம். டியூனர் இல்லாத செட்டுன்னா மழைல நனைஞ்சுகிட்டு கம்பிய வெட்டி வெட்டி சரி பண்ணிக்கிட்டு நிக்கணும். கேக்கறப்போ அரை ஆம்பியர் சுத்தித்தான் ஆகும், அதே 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு நாள் பக்கம் ஓடும், 10.5 வோல்ட் வரைக்கும் இறங்கினாலும் வேலை செய்யும். குறை இல்லாம இல்ல, விஎச்எஃப் கிடையாது, அதாவது பாவ்ஃபெங்கோட 144ல பேச முடியாது, உள்ள பேட்டரி கிடையாது, விடாம பேசினா பின்பக்கம் நல்லா சூடாகும், டிஜிட்டல்ல அனுப்பறவங்க பவர பாதியா குறைச்சு வைங்க.

20க்கும் 100க்கும் நடுவுல அவ்வளவு வித்தியாசமான்னு கேட்டா, 7 டெசிபல்தான், எதிர்ல கேக்கறவரோட சிக்னல் மீட்டர்ல ஒரு எஸ் பாயின்ட்டுக்கு, அதாவது ஒரு படிக்குக் கொஞ்சம் மேல. அதுக்காக ரெண்டு மடங்குக்கு மேல பேட்டரிய சுமந்துகிட்டு மலை ஏறறது வீண். 705ல 5 வாட்டுக்கும் இதோட 20 வாட்டுக்கும் நடுவுல 6 டெசிபல், ஒரு எஸ் பாயின்ட், இரைச்சல் ஜாஸ்தியான நாள்ல அதுதான் பேச்சு புரியுதா இல்லையான்னு முடிவு பண்ணும்.

அதனால தூக்கிட்டு ஓடற பைக்கு ஜி90, கூட ரெண்டு பாவ்ஃபெங். கோயில் மண்டபத்துலயோ ஸ்கூல்லயோ ஒரே இடத்துல வைக்கப் போறீங்க, லொறி பேட்டரி கைவசம் இருக்குன்னா 891 தாராளமா வாங்குங்க. காசு பிரச்சினை இல்ல, தனியாத்தான் நடக்கப் போறேன்னா 705. ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸ் அடங்கினா 3.5க்கு இறங்கணும், அதுக்கு மொத்தம் 40 மீட்டர் கம்பி, அதையும் தங்கூசி நூலோட சுருட்டி இப்பவே பைல போட்டிருங்க. பேசறதுக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோட லைசன்ஸ் வேணும், பரீட்சை இருக்கு, செட்டுக்கு காசு சேக்கற நேரத்துலயே அதையும் எழுதிப் போடுங்க.