6,500 ரூபா ஃபேமிலி போர்ட்ரெய்ட், கணக்கு கேட்டேன், எழுதியே காமிச்சாங்க

அப்பாவுக்கு அறுபது முடிஞ்சு போன மாசம் திருக்கடையூர்ல கல்யாணம் வச்சோம். கூட்டத்துல ஆளாளுக்கு ஃபோன்ல எடுத்ததுல ஒண்ணுகூட ஹால்ல மாட்டுற மாதிரி இல்ல, ஒண்ணுல அம்மா கண்ண மூடியிருக்காங்க, ஒண்ணுல அப்பா தலைக்கு மேல யாரோ கைய நீட்டிட்டு இருக்காங்க. அதனால மதுரைக்கு வந்ததும் ரெண்டு பேரையும் அதே பட்டுப்புடவை வேட்டியோட உக்கார வச்சு குடும்பத்தோட ஒழுங்கா ஒரு படம் எடுத்துரணும்னு தேடி இந்த ஸ்டுடியோவுக்கு வந்தோம்.

முன்னாடி ஒரு இடத்துல நல்லா பட்டிருக்கேன், அதையும் சொல்லிடறேன். பாப்பாவோட முதல் பிறந்தநாளுக்கு 999 ரூபானு விளம்பரம் பாத்துட்டு போனோம், எடுத்து முடிச்சதுக்கப்புறம்தான் 999க்கு ரெண்டு படம் மட்டும்தான், மிச்சம் வேணும்னா படத்துக்கு 350ன்னு சொன்னாங்க. புள்ள சிரிக்கிற படத்த எல்லாம் ஸ்க்ரீன்ல ஓட விட்டு காமிச்சுட்டு கேட்டா எந்த அம்மா வேணாம்னு சொல்லுவா? கடைசியில 7,000க்கு மேல குடுத்துட்டு வந்தேன். காசு போனதவிட முன்னாடியே சொல்லலையேங்கறதுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு.

அதனால இங்க வந்ததும் மொத கேள்வியே ரேட்டுதான். ஒன்றரை மணி நேரம் ஷூட், ரெண்டு டிரஸ், எடிட் பண்ணின 15 படம், ஒரு 12க்கு 18 இன்ச் ஃப்ரேம், ரெண்டு மேக்ஸி பிரிண்ட் (ஆல்பத்துல வைக்கற சைஸ்), எல்லாம் சேத்து 6,500னு ஸ்டுடியோ அண்ணன் சொன்னாரு. எனக்கு திக்குனு ஆச்சு, ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்ளோவாண்ணேன்னு கேட்டுட்டேன். அவரு கோவிச்சுக்கல, பில் புக்க திருப்பி பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாரு. பிரிண்ட், ஃப்ரேம் 1,400. லைட் புடிக்கற தம்பிக்கு 600. கேமரா, லைட் தேய்மானத்துக்கு 700. கடை வாடகையும் கரண்டும் மாசம் 12,000, இந்த மாதிரி ஆர்டர் மாசத்துக்கு 12 வந்தாலே பெருசு, அப்ப ஒரு ஆர்டர் தலையில 1,000. போக மிச்சம் 2,800. அது ஒன்றரை மணி நேரத்துக்கு இல்லம்மா, ஒரு படம் எடிட் பண்ண 20 நிமிஷம்னா 15 படத்துக்கு அதுவே அஞ்சு மணி நேரம், லைட் செட் பண்றது, படம் பொறுக்கறது எல்லாம் சேத்தா எனக்கு ஒரு முழு நாள் வேலைனு சொன்னாரு. வாடகைய 30 நாளால வகுக்கக் கூடாது, வேலை வர்ற நாளாலதான் வகுக்கணும்னு அவரு சொன்னது எனக்கு சட்டுனு புரிஞ்சிச்சு, என் வீட்டுக்காரர் தையல் கடையிலயும் அதே கதைதான். 12 ஆர்டருமே வந்தாக்கூட மாசம் 33,600தான் அவரு கைக்கு. இதுக்கு மேல எப்படிங்க பேரம் பேசறது, நான் பேசல.

வேலையப் பத்தி சொல்லணும்னா, அப்பா கண்ணாடி போட்டிருப்பாரு, லைட் அதுல வெள்ளையா அடிச்சது. கழட்ட சொல்லுவாங்கனு நெனச்சேன், கழட்டினா அப்பா அப்பா மாதிரியே இருக்க மாட்டாரு. அண்ணன் கிட்ட வந்து, ஐயா கொஞ்சம் இருங்கனு சொல்லி கண்ணாடிக் காம்ப காதுக்கு மேல லேசா தூக்கி விட்டாரு, அது முன்பக்கம் ஒரு நூல் கீழ சாஞ்சிச்சு, லைட்டையும் ஒசரத்துக்கு ஏத்தி தள்ளி வச்சாரு, அவ்ளோதான், கண்ணு ரெண்டும் பளிச்சுனு தெரிஞ்சிச்சு. எடிட்டிங்கப்பவும் ஃபோன் பண்ணி ஐயா கன்னத்து மச்சத்த எடுக்கவா விடவானு கேட்டாரு. அம்மா என் கையிலருந்து ஃபோன வாங்கி, தம்பி அத மட்டும் எடுத்துராதீங்கனு சொன்னாங்க.

ஃப்ரேமுக்கு 12க்கு 18 எடுத்துக்க சொன்னதும் அவருதான், கேமராவுல வர்ற படம் 3க்கு 2 கணக்குல இருக்கும், இந்த சைஸ்னா ஓரம் எதுவும் வெட்டுப்படாது, 10க்கு 12 போட்டா ஓரத்துல நிக்கறவங்க தோள் போயிடும்னு சொன்னாரு. எங்கள மாதிரி ஆறு பேரு வரிசையா நிக்கறவங்களுக்கு இது முக்கியம்.

இன்னொண்ணு, படத்த அவங்க பேஜ்ல போடலாமானு கேட்டுட்டுதான் போட்டாங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 17வது பிரிவுப்படி, நாம காசு குடுத்து எடுக்க சொன்ன போர்ட்ரெய்ட்டுக்கு வேற மாதிரி ஒப்பந்தம் போடலன்னா உரிமை நம்மளுதுதான். நெறைய பேருக்கு இது தெரியாது, பாப்பா படத்த அந்த பழைய எடத்துல கேக்காமலே போட்டப்ப எனக்கும் தெரியாது. ஆனா எத்தன ஃபைல் தருவாங்க, எந்த சைஸ்ல தருவாங்கங்கறது தனிப் பேச்சு, அத அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க.

குறை இல்லாம இல்ல. எட்டு நாள்ல தரேன்னாங்க, 12 நாள் ஆச்சு, ரெண்டு தடவ நானே ஃபோன் பண்ண வேண்டியிருந்துச்சு. 15க்கு மேல வேணும்னா படத்துக்கு 200ங்கறது கேட்டப்பதான் சொன்னாங்க, அதையும் ரேட் போர்டுல எழுதிப் போட்ருங்கண்ணே. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது, அப்பா மூட்டு வலியோட நின்னு நின்னுதான் ஏறினாரு. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க முன்னாடியே சொல்லிட்டா கீழ சேர் போட்டு வைக்கறாங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அரை கொறச்சது லேட்டுக்காக. 2,000 அட்வான்ஸ், மீதி ஃப்ரேம் கைக்கு வந்தப்புறம் குடுத்தா போதும். ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, வார நாள்ல காலைல பத்து மணிக்கு போனா நிதானமா எடுப்பாங்க, நாங்க புதன்கிழமைதான் போனோம்.