12 லிட்டர் வெஸ்ட்டா, 24 லிட்டர் பையா? அட்வென்சர் ரேஸுக்கு எது தோதுப்படும்

ஓட்டம், சைக்கிள், படகு எல்லாம் ஒரே பந்தயத்தில் வருவதால், ஒன்றுக்குக் கச்சிதமாக இருக்கும் பை அடுத்ததில் காலை வாரிவிடும். உண்மையான போட்டி சட்டைபோல மார்போடு ஒட்டி மாட்டும் 12 லிட்டர் ரன்னிங் வெஸ்ட்டுக்கும், இடுப்புப்பட்டை வைத்த 20–25 லிட்டர் பைக்கும்தான். 35 லிட்டர் பக்கம் போகவே வேண்டாம். இடம் மிச்சமிருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும்.

கடைக்குப் போகும் முன் கட்டாயப் பொருள்களைத் தரையில் பரப்புங்கள்: மழை ஜாக்கெட், ஹெட்லேம்ப், விசில், காம்பஸ், எமர்ஜென்சி போர்வை, முதலுதவிப் பொட்டலம், ஒரு முழுக்கை பனியன். கூடவே 2 லிட்டர் தண்ணீர், அதாவது 2 கிலோ. இவ்வளவையும் உள்ளே வைத்து ஜிப் இழுத்துப் பிடிக்காமல் மூடும் பைகளில் எது சிறியதோ அதை எடுங்கள்.

ஓட்டத்தில் வெஸ்ட்டை மிஞ்ச ஆளில்லை. பாரம் முன்னும் பின்னும் பிரிவதால் குலுங்காது. முன்பையில் இருக்கும் அரை லிட்டர் சாஃப்ட் பிளாஸ்க், அதாவது மெத்தென்று மடங்கும் பாட்டில், குடிக்கக் குடிக்கச் சுருங்கிவிடும், தளும்பல் இல்லை. ஆனால் 3 கிலோவைத் தாண்டினால் கதை வேறு. மெல்லிய பட்டை கழுத்தோரம் அறுக்கும், வியர்வை உப்பு சேர்ந்தால் தோல் உரியும். வெளிப்புற வலைப்பைகள் உண்ணிச்செடிப் புதரில் ஒருதரம் மாட்டினாலே கிழிந்துவிடும். ஆனைமலை அடிவாரம் மாதிரியான காட்டில் இது சின்ன விஷயமில்லை.

24 லிட்டர் பை ஏறக்குறைய அரை கிலோ கூடுதல் எடை. அதற்கு ஈடாக இடுப்புப்பட்டை தோளின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். சிக்கல் சைக்கிளில் வரும். உச்சி வரை நிரப்பினால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தலையை நிமிர்த்த முடியாது. ஹெல்மெட்டின் பின்விளிம்பு பையில் இடித்து கண்ணை மறைக்கும். அதனால் மேல் கால்வாசியில் ஜாக்கெட் போல அமுங்கும் துணியை மட்டும் வையுங்கள். கனமானது முதுகெலும்பை ஒட்டி நடுவில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். பையில் வைக்கும் 2 லிட்டர் பிளாடரை, அதாவது உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையை, முதலில் நிரப்பி உள்ளே இறக்கிவிட்டுத்தான் மற்றதை அடுக்க வேண்டும். நிறைந்த பைக்குள் அதை நுழைப்பது நடக்காத காரியம். பிளாடரின் வாயை மூடியபின் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்தால் சலசலப்பு நிற்கும். வழியில் திரும்ப நிரப்ப வெஸ்ட்தான் சுளுவு: பிளாஸ்க்கை உருவு, நிரப்பு, ஓடு. படகில் ஏறினால் நிலைமை தலைகீழ். லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் மாட்டிய பிளாஸ்க் விலா எலும்பை அழுத்தும், கைக்கும் எட்டாது. பையைப் படகில் கட்டிவிட்டால் பிளாடர் குழாயை வாய்க்கு எட்டும்படி விடலாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை பிளாடரில் கரைக்காதீர்கள். சர்க்கரை ஒட்டிய குழாயில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்க்கில் கரையுங்கள், பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில். கடலைமிட்டாய், எள்ளுருண்டை இரண்டும் கைக்கெட்டும் பையில். பையைக் கழற்றித்தான் தின்ன வேண்டும் என்றால் யாரும் தின்பதில்லை.

ஆறு மணி நேரப் பந்தயம், படகு இல்லை என்றால் வெஸ்ட். இரவு தாண்டும், படகு உண்டு என்றால் பை, யோசிக்கவே வேண்டாம். வெள்ளியங்கிரியில் பக்தர்களை அனுமதிக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான நாள்களில் முழுப் பாரத்தோடு ஏழாம் மலை வரை ஏறிப் பார்த்தால், பட்டை எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும்.

மழைக்கு வெளியுறை வேண்டாம், முள்ளில் போய்விடும். உள்ளே தடித்த பாலித்தீன் பையைப் போட்டு, வாயை முறுக்கி மடித்துச் செருகுங்கள். திருப்பூர்ப் பக்கம் தைத்துக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை, தோள்பட்டையில் கூடுதல் பாக்கெட் வைத்துக்கொள்ளலாம். பையின் உடல்துணியில் மட்டும் ஊசி இறங்கக் கூடாது. தையல் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும்.