சோயாவா, மல்லாட்டைப் புண்ணாக்கா, ஓட்டல் சோறா? வளரும் வெண்பன்றிக்கான தீவன ஒப்பீடு

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் வெண்பன்றி வளர்ப்போரிடம் மூன்று வழிகள் உள்ளன: மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனம், ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளின் நொய், தவிட்டோடு மல்லாட்டைப் (நிலக்கடலைப்) புண்ணாக்கு, ஓட்டல் கழிவு. இவற்றைப் புரத சதவீதத்தை மட்டும் பார்த்து எடைபோடும் வழக்கம் பண்ணையாளருக்கு நட்டத்தையே தருகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது; தானியத் தீவனத்தில் அவற்றுள் முதலில் பற்றாக்குறையாவது லைசின். அது போதாவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் தசையாக மாறாமல் சிதைந்து யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும், எரிசக்தியோ முதுகுக் கொழுப்பாகப் படியும். காலையில் கொட்டிலைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி, பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய புரதம் வீணாவதன் அடையாளமே. எனவே ஆயிரம் கிலோ கலோரிக்கு எத்தனை கிராம் லைசின் கிடைக்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2012 அட்டவணைப்படி, 25 முதல் 50 கிலோ வரையுள்ள பன்றிக்குத் தீவனத்தில் மொத்த லைசின் 1.12 சதவீதமும், 75 முதல் 100 கிலோ வரை 0.84 சதவீதமும் தேவை. தீவனத்தின் எரிசக்தி கிலோவுக்கு 3300 கிலோ கலோரி என்று கொண்டால், இது ஆயிரத்துக்கு முறையே 3.4 கிராமும் 2.5 கிராமும் ஆகும். மக்காச்சோளம் 70, சோயா 27, தாது உப்பு முதலியன 3 என்று கலந்தால் புரதம் சுமார் 18 சதவீதமும் லைசின் சுமார் 0.96 சதவீதமும் வரும். நொய் 50, தவிடு 20, மல்லாட்டைப் புண்ணாக்கு 27 என்ற கலவையிலும் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் லைசின் 0.67 சதவீதத்தைத் தாண்டாது. சோயாக் கலவை ஆயிரம் கிலோ கலோரிக்குச் சுமார் 3 கிராம் லைசின் தரும் இடத்தில், இது சுமார் 2 கிராமே தருகிறது.

லைசின் உப்பை (லைசின் ஹைட்ரோகுளோரைடு) சேர்த்து இந்தக் குறையை ஈடுகட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அந்த உப்பில் 78 சதவீதமே லைசின் என்பதால், சோயாக் கலவையை இளம்பன்றிக்கு ஏற்றதாக்க நூறு கிலோவுக்கு 200 கிராம் சேர்த்தால் போதும். மல்லாட்டைக் கலவைக்கோ 570 கிராமுக்கு மேல் வேண்டும், அப்படிச் சேர்த்த பின்னும் திரியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் பற்றாக்குறையாகி வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே 50 கிலோ வரை சோயாவையே பரிந்துரைக்கிறேன். 75 கிலோவுக்கு மேல் நிலைமை மாறுகிறது: மல்லாட்டைக் கலவையில் 220 கிராம் லைசின் உப்பு சேர்த்தாலே தேவை நிறைவேறும், அருகிலேயே கிடைக்கும் புண்ணாக்கும் பயன்படும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து, பூசண வாடையோ பச்சை படர்ந்த தடமோ இருந்தால், பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு அஞ்சி மூட்டையோடு ஒதுக்கிவிட வேண்டும். வாடை இல்லை என்பதால் மட்டும் நஞ்சில்லை என்றும் கொள்ள முடியாது. எண்ணெய் எடுக்காத தவிடு விரைவில் சிக்கு வாடை ஏறிக் கெடும் என்பதால், அதை வாரக் கணக்கில் சேமிக்கக் கூடாது.

ஓட்டல் கழிவு மலிவு, ஆனால் அதில் முக்கால் பங்கு தண்ணீர். இரண்டு கிலோ உலர்தீவனத்துக்கு ஈடாக ஏழெட்டு கிலோ கழிவைத் தின்றாக வேண்டும்; நாற்பது கிலோ பன்றியின் வயிறு அதற்கு முன்பே நிறைந்துவிடும். உள்ளே போவதும் பெரும்பாலும் சோறும் எண்ணெயுமே. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கழிவு வழியாகவும் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வெளிப்பட்ட பிறகு, நன்றாகக் கொதிக்க வைக்காத கழிவைத் தொட்டியில் கொட்டுவதை நான் ஏற்பதே இல்லை.

வேலூரின் கத்திரி வெயிலில் பன்றி தீனியைக் குறைத்துக்கொள்ளும். மிகைப் புரதம் உடலில் வெப்பத்தைக் கூட்டுவதால், அப்போது புரதத்தை ஏற்றாமல் நூறு கிலோ கலவையில் மூன்று கிலோ மக்காச்சோளத்தைக் குறைத்து அதே அளவு எண்ணெய் சேர்ப்பது நல்லது. எரிசக்தி உயர்ந்த அளவுக்கு லைசினும் உயர வேண்டும் என்பதால், சோயாக் கலவையில் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 75 கிராம் லைசின் உப்பைக் கூடுதலாகச் சேர்த்தால்தான் பழைய 3 கிராம் விகிதம் நிலைக்கும்.