முறை வைப்பதா, எல்லா ஆற்றிலும் விடுவதா?

மேட்டூரில் 120 அடி, அதாவது 93.47 டி.எம்.சி., நிற்கிற வருடத்தில் இந்தக் கேள்வியே எழாது. அணை பாதியில் கிடக்கும்போதுதான் வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதா, சில நாள் ஓர் ஆறு, சில நாள் மற்ற ஆறு என்று முறை வைத்து மாற்றி மாற்றி விடுவதா?

எல்லா ஆற்றிலும் விடுவது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலையும் குறைவு. ஆனால் ஓட்டம் பாதியானால் மணல் குடிக்கும் தண்ணீர் பாதியாகிவிடாது. மட்டம் இறங்கினால் வாய்க்கால் தலைப்பு மதகுக்குள் நீர் ஏறவும் ஏறாது. ஆறு ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல் காய்ந்துகொண்டே இருக்கும். தலைமடைக்காரருக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. ராத்திரியில் மடையை வெட்டிக்கொள்ள அவரிடம் மண்வெட்டி இருக்கிறதே!

முறை வைத்தால் ஆறு நல்ல மட்டத்தில் ஓடும், மதகு ஏறும். சிக்கல் முறையின் நீளத்தில் இருக்கிறது. காய்ந்த வாய்க்கால் நனைந்து, நிரம்பி, கடைசி வயலைத் தொட 2 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 நாள் முறையில் கடைமடைக்கு 3 நாள்தான் மிச்சம். 10 நாள் முறையில் 8 நாள் கிடைக்கும். 60 சதவீதம் 80 ஆகிவிடுகிறது. சரி, 10 நாளே வைக்கலாமே என்றால், அப்புறம் 10 நாள் காய வேண்டும். தூர் கட்டும் பருவத்தில், அதாவது பயிர் பக்கத்தில் கிளைக்கும்போது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் தாங்கிக்கொள்ளும். கதிர் வரும் நேரத்தில் தாங்காது. களிமண் வெடித்துவிட்டால் அடுத்த முறை வரும் முதல் தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே போய்விடும்.

போர்வெல் இருக்கிறதே என்பார்கள். கடலோரத்தில் ஆழமாகப் போட்டு இறைத்தால் உப்பு ஏறும் என்பதால் அதை நான் மாற்றுவழியாகவே எண்ணுவதில்லை.

என் ஓட்டு முறைக்குத்தான். தூர் கட்டும் பருவத்தில் நீளமான முறை, பொதி கட்டத் தொடங்கியதும், அதாவது கதிர் உள்ளே திரளும்போது, குட்டை முறை. மேட்டூரில் இன்று திறப்பைக் கூட்டினாலும் கல்லணைக்கு வர ஏறக்குறைய 3 நாள் ஆகும். பயிர் வாடியதைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் நேரம் போய்விடும். இன்னொன்று, முறை நாளைக் கல்லணை ஷட்டர் ஏறியதிலிருந்து எண்ணாமல், கடைசி மதகைத் தண்ணீர் தொட்டதிலிருந்து எண்ண வேண்டும். மற்ற ஆற்றுக்காரர்கள் கூடுதலாக 2 நாள் காத்திருக்க வேண்டுமே என்று சண்டைக்கு வருவார்கள்தான். அவர்கள் முறையிலும் அதே கணக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடலாம். கடைமடையில் நீர்மட்டம் காட்டும் ஓர் அளவுகல்லும், அதைப் பார்த்துப் போன் போட ஓர் ஆளும் இருந்தால் இதற்குப் போதும்.