ஒரே நாளில் இரு மரணங்கள்: 1616-உம் 1826-உம்

ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒருசேர மறைந்தனர் என்பது பரவலான நம்பிக்கை. யுனெஸ்கோ அந்த நாளை உலகப் புத்தக நாளாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அது ஒரு காரணம். ஆனால் ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது; 1616-இல் அது பத்து நாள் பின்தங்கியிருந்தது. எனவே ஷேக்ஸ்பியர் இறந்த நாள் ஸ்பெயினின் கணக்கில் மே 3 ஆகும். செர்வாண்டிஸ் ஏப்ரல் 22 அன்றே இறந்து மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதால், இடைவெளி இன்னும் ஒரு நாள் கூடுகிறது.

1826 ஜூலை 4-இல் இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாளான அன்று, அதை வரைந்த குழுவில் இருந்த முன்னாள் அதிபர்கள் இருவரில் தாமஸ் ஜெபர்சன் வர்ஜீனியாவில் நண்பகலுக்குச் சற்றுப் பின்னும், ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் மாலையிலும் உயிர்நீத்தனர். நண்பர் முந்திவிட்டதை அறியாத ஆடம்ஸ், ஜெபர்சன் இன்னும் வாழ்கிறார் என்ற பொருளில் இறுதியாகப் பேசியதாகச் சொல்லப்படுவது நெஞ்சைப் பிசைகிறது. ஒரே நாள் என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்கது இந்த இணையே. 1616-ஐக் குறிப்பிடுவோர் எந்த நாட்காட்டி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.